பேரி மரத்தில் பூத்த ரோஜா

அந்த வசந்தத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் டிரைவிங் டீச்சரை வீட்டில் பிடிக்கவே முடியாது. வாரம் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கிளட்ச், கிளட்ச்!" என்று தொண்டை வறளக் கத்தி, தன் கால் பக்கம் இருக்கும் கூடுதல் பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் இறுகிப் போயிருக்கும். அப்படியும் ஞாயிறு விடிந்ததும் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அவளைப் போல ஏழெட்டுப் பேர். கூட்டத்தைச் சேர்த்தவர் ஒரு பல் டாக்டர். ஆறு நாளும் பிறர் வாய்க்குள்ளேயே எட்டிப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர். குளிர் விட்டு மரங்கள் துளிர்க்கத் தொடங்கியதும் வாரம் ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுத்து, எல்லோரையும் காலையிலேயே நடக்க விடுவார். மேட்டுப் பகுதியின் படிக்கட்டுத் தெருக்கள், இரும்புக் கேட்டில் ஊதாக் கொடி படர்ந்த பழைய பங்களாக்கள், ஆற்றங்கரை, மாணவர் விடுதிகள் இருக்கும் சந்துகள் என்று ஒவ்வொன்றாக முடித்திருந்தார்கள். நடை முடிந்ததும் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள்.

டீச்சருக்குப் படம் எடுக்க யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்த்தபடியே முன்னால் போகிறவனையும் கவனிக்கிற தொழில். எந்த மூலையிலிருந்து யார் ஓடி வரப்போகிறார்கள் என்பது அவளுக்கு உடம்பிலேயே தெரியும். "உங்க படத்துல எப்பவும் ஏதோ ஒண்ணு நடக்கப்போற மாதிரியே இருக்கு டீச்சர்," என்று டாக்டர் ஒரு தடவை சொன்னார். அந்த வாரம் முழுக்க அவள் மாணவர்களைத் திட்டவே இல்லை. என்ன ஆச்சோ என்று அவர்கள்தான் பயந்துபோனார்கள்.

ஒரு ஞாயிறு காபி ஆறிக்கொண்டிருக்கும்போது டாக்டர் கேட்டார்: "அடுத்த வாரம் எங்க போகலாம்?"

"எங்க ஏரியாவுக்கு வாங்க," என்றாள் டீச்சர்.

அவள் இருப்பது சரக்கு ரயில் யார்டுக்குப் பின்பக்கம். டயர் கடைகள், லாரி ஷெட்டுகள், நடுவே நான்கு மாடிக் குடியிருப்புகள். டாக்ஸிக்காரர்கள்கூட மூக்கைச் சுளிக்கிற இடம். 

"அங்க என்ன இருக்கு? லாரிதானே நிக்கும்?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தியான பேங்க் மேடம். அவள் குத்தலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். ஆனாலும் டீச்சருக்குக் காது மடல் சூடேறியது.

"லாரி நிக்கும். அது மேல பூ கொட்டிக் கிடக்கும், பாத்திருக்கீங்களா? ஓடைக்கரை முழுக்க வரிசையா பேரிக்காய் மரம். இந்த வாரம்தான் பூக்க ஆரம்பிச்சிருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்தா ஒரு கிளைகூட கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு வெள்ளை. பால்கனிக்குப் பால்கனி கயிறு கட்டித் துணி காயும். டயரை மாடி வீடு உசரத்துக்கு அடுக்கி வச்சிருப்பான். எங்க வீட்டுக்காரர் சோபா ரிப்பேர் பண்றவர், உரிச்சுப்போட்ட சோபாவெல்லாம் வாசல்ல எலும்புக்கூடு மாதிரி நிக்கும். அந்தப் பூவும் இந்த எலும்புக்கூடும் ஒண்ணா வேற எங்கயாவது கிடைக்குமா?"

"போதும் போதும், நாங்க வர்றோம்," என்று டாக்டர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் வாயில் கவ்வியிருந்த ஆணிகளை எடுத்துவிட்டு, "வாயக் கொடுத்துட்டு வந்துட்டியா? சரி, வரட்டும்," என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். மாடியில் ஓர்ப்படி இருப்பதை மறந்துவிட்டாள்.

ஓர்ப்படி அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள். விழா நடக்கும் ஹால்களை அலங்கரிப்பது அவள் தொழில். வீட்டில் ஒரு அறை நிறையப் பிளாஸ்டிக் பூக்களும் கம்பிச்சுருளும் ரிப்பனும் மூட்டை மூட்டையாக அடைந்து கிடக்கும். அவளுக்கும் டீச்சருக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. சமாதானம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒருத்தி வைத்த குழம்பை இன்னொருத்தி உப்புப் பார்க்காமல் விடமாட்டாள். அந்த மட்டில் இருந்தது உறவு.

மறுநாளே படியிறங்கி வந்து நின்றாள். "பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் நம்ம தெருவப் பாக்க வர்றாங்களாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சும்மா நடந்துட்டு, ரெண்டு படம் எடுத்துட்டுப் போயிடுவாங்கக்கா."

"சும்மாவா! இத்தனை வருஷத்துல வேணும்னு நம்ம தெருவுக்கு யாரு வந்திருக்கா சொல்லு? விலாசம் தப்பி வந்தவன்தான் உண்டு. நீ உன் வேலையப் பாரு, நான் பாத்துக்கறேன்."

என்ன செய்யப்போகிறாள் என்று ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வாரம் தேர்வுக்குப் போகிற மாணவர்கள் அதிகம். காலையில் போனால் இருட்டித்தான் வீடு திரும்பினாள். தெருவில் என்ன நடக்கிறது என்று கவனிக்க நேரமே இல்லை. சனிக்கிழமை வந்ததும் வராததுமாகச் சாப்பிட்டுப் படுத்தவள், அடித்துப் பெய்த மழையும் காற்றும் காதில் விழாத அளவுக்கு அசந்து தூங்கினாள்.

காலையில் கேமராவோடு வாசலுக்கு வந்தவளுக்குத் தப்பான தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது. ஒரு கயிற்றிலும் துணி இல்லை. டயர் அடுக்குகளை எல்லாம் நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சோபா எலும்புக்கூடுகள் மாயமாகியிருந்தன. எதிர் வீட்டுப் பிள்ளைகள் எண்ணெய் வழியத் தலை சீவி, கழுத்துப் பட்டன்வரை மாட்டிக்கொண்டு, உயர வரிசையில் நின்றார்கள்.

"இது என்னங்க கூத்து?" என்றாள்.

"அண்ணி உத்தரவு," என்றார் புருஷன் எங்கோ பார்த்தபடி. "சோபாவெல்லாம் ஓடைப்பக்கம் சுவருக்குப் பின்னாடி தள்ளச் சொன்னாங்க. நேத்து சாயந்தரமே தள்ளிட்டோம். அவங்க சொன்னா நான் மறுத்துப் பேசிட முடியுமா?"

அப்போதுதான் அவள் ஓடைக்கரையைத் திரும்பிப் பார்த்தாள். பேரி மரங்கள் மொட்டையாக நின்றன. அத்தனை பூவையும் ராத்திரிக் காற்று உருவிக்கொண்டு போயிருந்தது. நுனியில் கொஞ்சம் பச்சைத் துளிர், ஈரக் கிளைகள். அந்தக் கிளைகள் நெடுகச் சிவப்புச் சிவப்பாக ரோஜாக்கள்.

பிளாஸ்டிக் ரோஜாக்கள். கடைசி மரத்தடியில் ஏணி போட்டு, பல்லில் கம்பித்துண்டைக் கடித்துக்கொண்டு, ஓர்ப்படி இன்னொரு கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! இறங்குங்க முதல்ல!"

"இரு, இந்த ஒரு கிளைதான்."

"மனுஷங்க காதுலதான் பூ சுத்துவாங்க. நீங்க மரத்துலயே சுத்திட்டீங்களே! பேரி மரத்துல ரோஜாப்பூ பூக்குமா? வர்றவங்க பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

ஓர்ப்படி இறங்கியதும் டீச்சர் ஏணியில் ஏறி, கைக்கு எட்டிய கொத்தைப் பிடித்து இழுத்தாள். கம்பி நன்றாக முறுக்கியிருந்தது, வரவில்லை. ஏணியில் நின்றபடியே தெருவைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் துணியெல்லாம் எடுத்து வந்து பழையபடி கயித்துல போடுங்க! சீக்கிரம்!"

"துணி காஞ்சு மடிச்சு வச்சாச்சே," என்று யாரோ பால்கனியிலிருந்து குரல் கொடுத்தார்கள்.

"காஞ்சதையே போடுங்க!"

கீழே நின்ற ஓர்ப்படி இடுப்பில் கை வைத்தாள். "நான் பூ கட்டினா பொய். நீ காஞ்ச துணியக் காயப் போடச் சொன்னா அது மட்டும் நிஜமா?"

டீச்சர் ஏணியிலிருந்து கீழே குனிந்து அவளைப் பார்த்தாள்.

"விடியக்காலம் எழுந்து பாத்தேன்," என்றாள் ஓர்ப்படி. குரல் இறங்கியிருந்தது. "எல்லாம் கொட்டிப் போச்சு. பூவப் பத்தி நாலு பேர்கிட்ட பெருமையாச் சொல்லிட்டு வந்த பொண்ணு, காலைல வந்து இந்த மொட்டை மரத்தப் பாத்தா உன் மூஞ்சி எப்படிப் போகும்னு நினைச்சேன். என்கிட்ட இருக்கறது இந்தப் பூதான். இருந்ததக் கட்டினேன். அவுக்கணும்னா அவுத்துப் போடு."

அவள் விரல்கள் முழுக்கக் கம்பி கிழித்த கோடுகள். ஒன்றில் ரத்தம் உறைந்திருந்தது. டீச்சர் ஏணியில் கொத்தைப் பிடித்தபடி நின்றாள். இறங்கவும் தோன்றவில்லை, இழுக்கவும் கை வரவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் பேச்சுக் குரல் கேட்டது. கூட்டம் வந்துவிட்டது.

டாக்டர் அண்ணாந்து பார்த்தார். மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மரத்தைப் பார்த்தார். "டீச்சர், இது... என்ன மரம்?"

ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விளையாட்டுக்குக் கட்டியது என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். ஓர்ப்படி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரி மரம்தான் டாக்டர்," என்றாள் டீச்சர் தெருவுக்கே கேட்கிற மாதிரி. "ராத்திரி அடிச்ச காத்துல பூ எல்லாம் கொட்டிடுச்சு. நீங்க ஏமாந்து போயிடக்கூடாதுன்னு எங்க அக்கா இருட்டோட எழுந்து, ஒத்தை ஆளா ஓடைக்கரை முழுக்கக் கட்டியிருக்காங்க. எங்க தெருவுல விருந்தாளிய வெறும் மரத்தோட வரவேற்கிறது இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் பேங்க் மேடம் சிரிக்கவில்லை. வரிசையின் கடைசிவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "எல்லா மரத்துலயுமா? இந்த ஏணிய வச்சுக்கிட்டா? நீங்க ஒருத்தரேவா?"

"தொழிலே அதுதானே," என்றாள் ஓர்ப்படி. நிமிர்ந்துதான் சொன்னாள்.

"உதிர்ந்த பூ எல்லாம் எங்க போச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

நல்ல கேள்வி. தரையில் அவ்வளவாக இல்லை. காற்றடித்த திசையைப் பார்த்துக்கொண்டே டீச்சர் ஓடைப்பக்கச் சுவரைச் சுற்றிப் போனாள். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். சுவர் திரும்பியதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

ஒளித்துவைத்த சோபா எலும்புக்கூடுகள் அங்கே வரிசையாக நின்றன. துணியும் பஞ்சும் உரித்த வெறும் சட்டங்கள், துருப்பிடித்த ஸ்பிரிங்குகள். காற்று அத்தனை பூவையும் கொண்டுவந்து சுவரில் மோதி அவற்றின் மேல் கொட்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்குள்ளும் வெள்ளை. கைப்பிடிகளின் மேல் வெள்ளை. உட்காருகிற இடமெல்லாம் மெத்தை போட்டது போல விரல் புதைகிற அளவுக்கு ஈரப்பூ. அந்தப் பக்கம் நின்றிருந்த லாரிகளின் கூரையும் அப்படியே வெளுத்துக் கிடந்தது. காலை வெயில் சுவருக்கு மேலே வந்து அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அடேங்கப்பா," என்றார் டாக்டர். எல்லாக் கேமராக்களும் ஒரே நேரத்தில் மேலே எழுந்தன.

அதன்பிறகு யாரும் போவதாக இல்லை. டயர் கடைக்காரர் தானே வந்து தார்ப்பாயை இழுத்தெறிந்துவிட்டு, அடுக்குக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பிள்ளைகள் பட்டனை அவிழ்த்துவிட்டு லாரிக்கு லாரி தாவினார்கள். பால்கனியில் காய்ந்த துணியைப் போடுவதா வேண்டாமா என்று ஒரு வாக்குவாதம் நடந்து, போட்டவர்கள் பாதி, போடாதவர்கள் பாதி. பேங்க் மேடம் தரையில் மண்டியிட்டு, சேறு அப்பிய முழங்காலோடு ஸ்பிரிங்குகளையே எடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தப் பக்கம் வாங்க, அந்த ஷெட்டுக்குப் பின்னாடி வாங்க, இங்கிருந்து பாத்தா ரயில் தெரியும் என்று எல்லோரையும் இழுத்துக்கொண்டு திரிந்தாள்.

திரும்பி வந்தபோது ஓர்ப்படி ஒரு சோபாவின் வெறும் சட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பூ. மடியில் மிச்சமிருந்த ரோஜாக்கொத்து, கையில் கம்பி வெட்டும் குறடு. களைத்துப்போய்க் கண்கள் செருகியிருந்தன. ஆனாலும் யாரும் தன்னை அங்கிருந்து எழுப்பிவிட முடியாது என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கேமராவை எடுத்தாள்.

"சிரிக்கட்டுமா?"

"வேண்டாம்கா. அப்படியே இருங்க."

"தலை கலைஞ்சிருக்கு பாரு."

"இருக்கட்டும்."

ஒரே ஒரு தடவைதான் அழுத்தினாள். எடுத்ததுமே தெரிந்துவிட்டது, இன்னொன்று தேவையில்லை என்று.

வசந்தம் முடிகிற சமயத்தில் நூலக ஹாலில் அவர்கள் கண்காட்சி வைத்தார்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவருக்கு எந்தப் படம் என்று ஓட்டெடுப்பு நடத்தலாம் என்றார் ஒருவர். டாக்டர் நேராக ஓர்ப்படியின் படத்தைக் கொண்டுபோய் மாட்டினார். யாரும் மறுக்கவில்லை. பங்களா கேட்டுக் கொடிப்பூவும் ஆற்றங்கரையும் பக்கச் சுவர்களுக்குப் போயின. அன்று யார்டுப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். புருஷன், இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, படத்தில் இருப்பது எந்த வருஷத்து சோபா, என்ன மரம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஓர்ப்படி முதலில் படத்துக்கு முன்னால் நின்று முகத்தைச் சுளித்தாள். "கை இவ்வளவு முரடாவா இருக்கு? கொஞ்சம் சரி பண்ணியிருக்கலாம்ல?"

"நல்லா இருக்குக்கா."

"என்ன நல்லாவோ," என்றாள். ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

டீச்சர் மற்ற படங்களைப் பார்க்கிற சாக்கில் ஒரு சுற்று சுற்றி வந்தாள். திரும்பும்போது படத்தின் முன்னால் முன்பின் தெரியாத ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். அவர்கள் ஒரு நேரம் படத்தையும், ஒரு நேரம் ஓர்ப்படியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இது நீங்கதானா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நான்தான். அதை விடுங்க, எடுத்தது யாருன்னு பாருங்க." ஓர்ப்படி குனிந்து, கீழே ஒட்டியிருந்த அட்டையில் விரலை வைத்து டீச்சரின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினாள். "எங்க வீட்டுச் சின்ன மருமக. வாரம் பூரா வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை இந்த வேலை. ஒரே தடவைதான் எடுத்தா, தெரியுமா? ரெண்டாவது எடுக்கவே இல்ல."

டீச்சர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். முன்னால் போனால் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்று இருந்தது.