இல்லாத நாயின் அசிங்கம்

மூன்றாம் மாடித் தராசுக்காரர் வீட்டு அழைப்பு மணிக்கு நான்கு வருடமாகப் பேட்டரி மாற்றவில்லை. மாற்றும் அவசியம் வரவில்லை. மனைவி இறந்த வாரத்தில் ஓயாமல் அடித்த மணி, அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அது அலறியபோது, குக்கர்தான் கூவுகிறது என்று அவர் அடுப்படிக்கு ஓடினார்.

வாசலில் நின்றவர் முதல் மாடிப் பல் டாக்டரம்மா. குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே.

"சார், இது கொஞ்சம்கூட நல்லால்ல. உங்க நாய் தெனமும் படிக்கட்டடியில அசிங்கம் பண்ணி வைக்குது. வளர்க்கத் தெரிஞ்சா அள்ளவும் தெரியணும்ல?"

தராசுக்காரரிடம் நாய் கிடையாது. நாய் என்ன, ஒரு பூச்செடிகூடக் கிடையாது. அவரிடம் இருந்ததெல்லாம் ஓர் இருமல். முப்பத்திரண்டு வருடம் கடை கடையாக ஏறி இறங்கி, எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்திய உத்தியோகம் அவருடையது. அதில் சேர்ந்த தூசியெல்லாம் காலை ஐந்தரைக்கு நெஞ்சிலிருந்து கிளம்பும். 'வவ்' என்று தொடங்கி, 'வவ் வவ்' என்று வளர்ந்து, ஊளையில் முடியும். கடைசி டிரிப் முடித்து அப்போதுதான் வந்து படுத்திருக்கும் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர், சுவரில் ரெண்டு குத்து விட்டு, "சனியனே, வாய மூடு!" என்பார். தன்னைத்தான் திட்டுகிறார் என்று தராசுக்காரர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். நாயை என்று இப்போது தெரிந்ததும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

'எங்கிட்ட நாயே இல்லம்மா' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால் டாக்டரம்மா போய்விடுவார். மணிக்கு இன்னொரு நான்கு வருடம் ஓய்வு.

"மன்னிச்சுக்கங்கம்மா. இப்பவே அள்ளிடறேன். உள்ள வந்து ஒரு வாய் காபி..."

"காபி குடிக்கவா வந்தேன்?" என்றார் டாக்டரம்மா. ஆனாலும் போகாமல் ஏழு நிமிடம் நின்று திட்டினார். நான்கு வருடத்தில் தராசுக்காரரிடம் யாரும் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

கீழே போய் அள்ளிப் பையில் கட்டினார். பழக்க தோஷம், மேலே கொண்டுவந்து எடை போட்டார். நூற்று நாற்பத்திரண்டு கிராம். மறுநாளும் கிட்டத்தட்ட அதே எடை. கூடவே அதில் நீல நிறத்தில் ஒரு நூல். புதினா வாசனை வீசும், பல்லிடுக்கில் விட்டு இழுக்கிற நூல். அந்தக் கட்டடத்தில் அந்த நூல் சுருள் சுருளாகக் கிடக்கும் வீடு ஒன்றே ஒன்றுதான். அங்கே ஒரு நாயும் உண்டு. டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் காதில் போனும் கையில் சங்கிலியுமாக அதை நடத்திப்போவார். சங்கிலியின் மறுமுனையில் நடப்பதைத் திரும்பிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

ஒரு கிராம் குறைந்தாலும் கடையை இழுத்துப் பூட்டிய மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாக நூற்று நாற்பத்திரண்டு கிராமுக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

மணி தினமும் அடித்தது. டாக்டரம்மா வராத நாளில் டிரைவர் வந்தார். "பெருசு, கன்னுக்குட்டி கணக்கா வளர்த்து வச்சிருக்கீங்க. அன்னிக்கு மாடிப்படியில என்னைப் பார்த்து உறுமுதுங்கறேன்!"

"உங்களைப் பார்த்தா உறுமாம என்ன செய்யும்?" என்றாள் நான்காம் மாடித் தையல்காரம்மா. "எங்கிட்ட வாலாட்டிட்டுப் போச்சு. பூனை அளவுதான் இருக்கும், பாவம்."

டிரைவர் கறுப்பு என்றார், தையல்காரம்மா வெள்ளை என்றாள். சங்கக் கூட்டத்தில் இதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கைதூக்கச் சொல்லி, நடுத்தர உயரம், சாம்பல் நிறம் என்று முடிவு கட்டினார்கள். தராசுக்காரரும் கை தூக்கினார். அன்று இரவு சாப்பிடும்போது, தட்டில் ஒரு துண்டு ரொட்டியை ஏனோ மிச்சம் வைத்தார்.

அதே கூட்டத்தின் அடுத்த தீர்மானம்: ஞாயிற்றுக்கிழமை பிராணிகள் காப்பகத்து ஆள் வந்து நாயைக் கொண்டுபோவது.

ஞாயிறு காலை டாக்டரம்மா, டிரைவர், தையல்காரம்மா, கையில் சுருக்குக் கயிற்றோடு காப்பகத்து ஆள் என்று நால்வர் வந்தார்கள். அந்த வீட்டில் அத்தனை பேர் நின்று வெகுகாலம் ஆயிற்று. தராசுக்காரர் பரணிலிருந்து பழைய கோப்பைகளை இறக்கி, ஆறு கோப்பை காபி போட்டு வைத்திருந்தார். காப்பகத்து ஆள் கட்டிலுக்கடியில் குனிந்தார், குளியலறையைப் பார்த்தார், அலமாரியைத் திறந்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஜோடி செருப்பு.

"நாய் எங்க பெருசு?"

பதில் சொல்ல வாயெடுத்த தராசுக்காரருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வவ். வவ் வவ். அப்புறம் ஊளை.

காப்பகத்து ஆள் கயிற்றைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். டிரைவர், தன் வீட்டோடு ஒட்டிய அந்தச் சுவரைப் பார்த்தார்; தான் குத்துகிற இடத்தின் இந்தப் பக்கம் கட்டிலின் தலைமாடு இருந்தது.

"இதுவா?" என்றார் மெதுவாக.

"அப்போ அந்த அசிங்கம் யாரோடது?" என்றார் டாக்டரம்மா.

"யாரோடதா இருந்தா என்னம்மா? நானே அள்ளிடறேன். எனக்கொண்ணும் கஷ்டமில்ல. நீங்க எப்பவும் போல வந்து ஒரு வார்த்தை திட்டிட்டுப் போனாப் போதும்."

டாக்டரம்மா தரையைப் பார்த்தார். தையல்காரம்மா மட்டும் ஒரு கோப்பையை எடுத்து, நின்றபடியே ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தாள். செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நால்வரும் இறங்கிப் போனார்கள்.

மாலையில் கீழே அறிவிப்புப் பலகையில் புதுக் காகிதம்: 'படிக்கட்டடியைத் துப்புரவுப் பணியாளர் கவனித்துக்கொள்வார். மூன்றாம் மாடிப் பெரியவரை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்.' கீழே நல்ல மனசோடு எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

தொந்தரவு செய்யவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. புதன்கிழமை தராசுக்காரர் வெளியே போய் நின்று தன் வீட்டு மணியைத் தானே அடித்துப் பார்த்தார். பேட்டரியில் கோளாறில்லை.

வியாழன் காலை ஐந்தரைக்கு இருமல் வந்தது. வழக்கம்போல மூன்று தவணை. முடிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் டிரைவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. குத்து விழவில்லை.

கொஞ்சம் பொறுத்து, சுவரோடு வாயை வைத்து, வராத இருமலை அவராக வரவழைத்தார்.

"வவ்."

சுவர் சும்மா இருந்தது. இன்னும் கொஞ்சம் உரக்க, "வவ் வவ்."

முதல் மாடியிலிருந்து டாக்டரம்மாவின் நாய் பதில் சொன்னது.