மச்சினன் தலையைச் சுற்றிய வெளிச்சம்

முடிதிருத்துபவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சும்மா உட்கார்ந்திருந்தாலே இதயம் நிமிடத்துக்கு நூறு முறை அடித்துக்கொண்டது. ஒரு தலையை முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. டாக்டரம்மா துடிப்பை நிதானப்படுத்த ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் நாடி எழுபதுக்கு இறங்கியது. வேலை நடுவே விசிலடிக்கும் பழக்கமும் திரும்பி வந்தது.

ஒருநாள் காலை மனைவியின் தம்பி சவரத்துக்கு வந்தான். வாயைத் திறந்தால் புளுகுதான். அவனுக்குத் துண்டைப் போர்த்திவிட்டு, கண்ணாடிக்கு மேலிருந்த விளக்குகளைப் போட்டார். மச்சினன் தலையைச் சுற்றி வட்டமாக ஒரு வெளிச்சம்! விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். மறுபடியும் வட்டம், இன்னும் பளிச்சென்று.

இவனைத் தப்பாக எடை போட்டுவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியது.

"தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கிறீங்களா?"

"என்ன அத்தான், மரியாதையெல்லாம் பலமா இருக்கு?"

"சிரிக்காதே. உன் தலையைச் சுத்தி ஒளி தெரியுது."

அவன் கண்ணாடியில் தன்னை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "எனக்கே ரொம்ப நாளா ஒரு சந்தேகம்தான்," என்றான்.

சேதி கேட்டு மனைவி கடைக்கே வந்துவிட்டாள். "இருபத்தாறு வருஷமா உங்களோட குப்பை கொட்டுறவ நான். ஒளி மட்டும் அவனுக்கா?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கி, "வாங்க, டாக்டர்கிட்ட போவோம்," என்றாள்.

டாக்டரம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதயத்துல ஓர் ஓரமா இருக்கிற செல்லுங்கதான் ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கி வைக்குது. அதுங்க மேல பொடிப்பொடி வாசலா இருக்கு. அது வழியா உப்புல இருக்கிற சோடியம் உள்ள வந்தாதான் அடுத்த துடிப்பு கிளம்பும். இந்த மாத்திரை அந்த வாசலைக் கொஞ்சம் சாத்துது, துடிப்பு நிதானமாகுது."

"சரிம்மா, கண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?"

"கிட்டத்தட்ட அதே வாசல் கண்ணுக்குள்ளயும் இருக்கே! அதனால, சட்டுனு வெளிச்சம் மாறினா இப்படித் தெரியும். ஆபத்தில்ல, போகப் போகச் சரியாயிடும். அதுவரைக்கும் ராத்திரில வண்டி ஓட்டாதீங்க. இல்ல, மாத்திரையையே மாத்திடலாமா?"

"இருங்க டாக்டர்." மனைவி எழுந்து போய் அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். "இப்ப என்னைப் பாருங்க."

பார்த்தார். "இருக்கு."

"அவனுக்கு இருந்ததை விடப் பெரிசா?"

"ரெண்டு மடங்கு!"

டாக்டரம்மா அதே மாத்திரையையே எழுதினார்.

இரண்டு மாதத்தில் வட்டம் மங்கி மறைந்தது. நாடி மட்டும் அறுபத்தாறில் நின்றது. ஒரு மாலை மூன்றாம் மாடியிலிருந்த வீட்டுக்கு ஒரே மூச்சில் படியேறிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மனைவி இரண்டாம் மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, "கொஞ்சம் மெதுவாப் போங்களேன், எனக்குத்தான் இப்ப மாத்திரை வேணும் போலிருக்கு!" என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.