மாப்பிள்ளை எலியின் பன்னிரண்டு பிள்ளைகள்

ஆய்வகத்தில் எலிகளைப் பராமரித்தவன் நான். செயற்கை இனிப்பிலிருந்து பிரியும் ஒரு பொருள் ஆண்மையைக் கெடுக்கிறதா என்று பார்க்க, அதைத் தண்ணீரில் கலந்து ஆண் எலிகளுக்குக் கொடுத்தோம். பிறகு ஜோடி சேர்த்தால் ஒன்றுக்கும் குட்டியில்லை. நான் மாப்பிள்ளை என்று கூப்பிட்ட எலிக்கு மட்டும் பன்னிரண்டு! வெளியில் நான் சொல்வது நாற்பது.

ஆராய்ச்சியை நடத்திய விஞ்ஞானி அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். “மூணு வருஷ உழைப்பு போச்சே அண்ணே!”

“போகலம்மா. அந்தத் தண்ணிய தொடமாட்டேன்னு அவன் ஒரே அடம். பாவம்னு நான்தான் குழாய்த் தண்ணி வச்சேன்.”

முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். அவனை மட்டும் அறிக்கையிலிருந்து நீக்கினார்.

“இனி பன்னிரண்டுக்கும் நீங்கதான் தாய்மாமன். கூண்டைக் கழுவுங்க!”

ஓய்வு பெறும்வரை கழுவினேன். அதற்குள் அவை நாலாயிரமாகிவிட்டன.