பாதித் தொட்டியில் ஒரு சோதனை

“எவ்வளவு காட்டுது, மேடம்?”

“பாதி.”

“இங்கயும் பாதித் தண்ணிதான். அப்ப சரியா இருக்கு, இல்ல?”

“சரியாத்தான் இருக்கும் போல. இறங்கி வாங்க, வெயில்ல நிக்காதீங்க.”

பதினோரு வருடத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், மேல்நிலைத் தொட்டியின் உச்சியில் புது சென்சாரைப் பொருத்திவிட்டு மெக்கானிக் போனில் பேசியது இது. மறுமுனையில், கீழே பேனல் அறையில் இருந்த ஆபரேட்டர். வெயிலைப் பற்றி அவள் சொன்னது மட்டும் அவன் காதில் இன்னும் அப்படியே இருக்கிறது.

அதற்கு மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கெல்லாம் அவளிடமிருந்து போன் வந்துவிடும். ஏறிப் பார்த்துச் சொல்லுங்கள், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பாள். பேனலில்தான் காட்டுகிறதே என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. ஏணியில் ஏறுவான், எட்டிப் பார்ப்பான், சொல்வான். அவளுக்கு ஜலதோஷம் என்றால் குரலிலேயே தெரியும். அவள் அப்பா தவறி, விடுப்பு முடிந்து வந்த அன்றும் அதே ஏழு மணி, அதே கேள்வி. பதில் சொல்லத் திணறியது அவன்தான்.

“எனக்கு அண்ணி வருவாங்களா, இல்ல அந்தத் தொட்டியையே கட்டிக்கப் போறியா?” என்று தங்கை கிண்டல் செய்வாள். ஆபரேட்டரிடம் கேட்க அவனுக்கு ஒன்று இருந்தது. ஏணியில் இறங்கும்போதெல்லாம் தொண்டை வரை வந்து, தரையில் கால் பட்டதும் திரும்பிப் போய்விடும்.

இன்று பழைய சென்சாரைக் கழற்றிவிட்டு வேறு பொருத்தியிருந்தான். திங்கள் முதல் அளவு நேராகத் தலைமை அலுவலகத்துக்கே போகும். பேனல் அறையைப் பூட்டிவிடுவார்கள். அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல். இனி ஏழு மணிக்கு போன் வராது.

சென்சார் தண்ணீரின் அளவை மின்னோட்டமாகக் கம்பி வழியே கீழே அனுப்பும். தொட்டி காலி என்றால் நான்கு மில்லிஆம்ப், நிரம்பினால் இருபது. அப்படியே அமைத்துவிட்டு, சோதனைக்கு முதலில் நான்கை அனுப்பினான்.

“எவ்வளவு, மேடம்?”

“நூறு சதவீதம்.”

இருபதை அனுப்பினான். பூஜ்யம் என்றாள்.

தலைகீழாக வந்தது. அமைத்ததை மறுபடி திறந்து பார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தது.

“எங்க தப்பு பண்ணேன்னே புரியல, மேடம்.”

“நீங்க பண்ணல,” என்றாள். சிரிப்பு கேட்டது. “இந்தத் தடவை.”

பிறகு சொன்னாள். முதல் சென்சாரைப் பொருத்திய அன்று அவன் நான்கையும் இருபதையும் மாற்றிப் போட்டிருந்தான். பாதித் தொட்டியில் சோதித்ததால் தெரியவில்லை. எப்படிப் போட்டாலும் பாதி, பாதிதான். மாலையில் தொட்டி நிரம்ப நிரம்ப, அவள் பேனலில் அளவு இறங்கிக்கொண்டே போனதாம். மேலதிகாரிகளுக்குத் தெரிந்தால், அப்போது தற்காலிக ஆளாக இருந்த அவனை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவனிடம் சொன்னால் அவனே போய் ஒப்புக்கொண்டுவிடுவான். அதனால் பேனலின் அளவுகோலையும் தலைகீழாக மாற்றிவிட்டாள். இரண்டு தப்பும் சேர்ந்து சரியாகிவிட்டது. ஒரே ஒரு பயம்தான்: கம்பி அறுந்து மின்னோட்டம் நின்றால், காலித் தொட்டியையும் நிரம்பியதாகக் காட்டும். அதற்காகத்தான் தினமும் ஏறிப் பார்க்கச் சொன்னாளாம்.

அவன் ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருடக் காலைகளும் ஒரு கம்பிக்காகத்தானா?

“அதுக்காக மட்டும்தான் கூப்பிட்டீங்களா?”

“முதல் வருஷம் அதுக்குத்தான்.”

“அப்புறம்?”

“அப்புறம்தான் தண்ணி குறைஞ்சா கத்துற மிதவை அலாரம் வந்துடுச்சே. மாட்டினதே நீங்கதானே.”

பேனலின் அளவுகோலை நேராக்க அவள் பொத்தான்களை அழுத்தும் சத்தம் கேட்டது. மறுபடி அனுப்பச் சொன்னாள். நான்குக்குப் பூஜ்யம், இருபதுக்கு நூறு.

“சரியாயிடுச்சு. இறங்கி வாங்க, வெயில்ல நிக்காதீங்க.”

அவன் இறங்கவில்லை. தரையில் கால் பட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

“மேடம்,” என்றான். “நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?”