கால் நேரான விபரீதம்

கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குருநாதனின் நொண்டலுக்கு மூன்று அளவுகள் இருந்தன. வீட்டுக்குள் லேசாகச் சாய்ந்து நடப்பார். தோட்டத்துச் சாலையில் இன்னும் கொஞ்சம் கூடும். மேற்பார்வையாளர் ஜெகநாதன் எதிரே வந்துவிட்டால், இடது காலை நனைந்த சாக்கைப் போல இழுத்துக்கொண்டு வருவார்.

நொண்டல் பொய்யில்லை. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த நாளில் சரிவில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அங்கே ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, வளைந்து கூடியது. கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. பிறகு கப்பலேறிக் கட்சாலுக்கு வந்தபோது, இந்த ஆளால் மேடும் பள்ளமுமாக முன்னூறு மரம் சுற்றிப் பால் வெட்ட முடியாது என்று, பால் நிறுக்கும் கொட்டகையில் உட்கார வைத்தார்கள்.

மற்றவர்கள் விடியுமுன் கொசுக்கடியோடு மலை ஏறும்போது குருநாதன் ஏழு மணி வரை தூங்கினார். பீடி இல்லை, சாராயம் இல்லை. மீனும் தேங்காயுமாக மூன்று வேளைச் சாப்பாடு. நாற்பத்து நான்கு வயதில் கன்னம் மினுமினுத்தது.

1974இல் ஒரு சனிக்கிழமை, கப்பல் துறையான ஜெட்டியிலிருந்து அரிசி ஏற்றி வந்த காண்டிராக்டர் ஜீப்பில் தொற்றிக்கொண்டார். பக்கத்தில் சண்முகம். இருபத்தாறு வயது, பால் வெட்டுகிறவன், ஒரு கையால் மூட்டை தூக்குகிறவன் என்று பெயரெடுத்தவன். வளைவில் ஒரு பன்றி குறுக்கே வந்தது. டிரைவர் பன்றியைக் காப்பாற்றிவிட்டார். ஜீப் கவிழ்ந்தது.

சண்முகத்துக்கு வலது கால் முறிந்தது. குருநாதனுக்கு இடது கால், பழைய முறிவு இருந்த அதே இடத்தில்.

இருவரையும் கப்பலில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். ஜெட்டியில் வழியனுப்ப வந்தவர்கள், சண்முகம் இரண்டே மாதத்தில் குதித்துக்கொண்டு வருவான் என்றார்கள். குருநாதனைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அவர் மனைவி பொன்னம்மா அழுதுகொண்டே கூடப் போனாள்.

ஆஸ்பத்திரியில் வங்காள டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். பார்க்கப் பார்க்க முகம் சுளித்தது.

"யே கிஸ்னே பாந்தா?"

மதுரைக்காரரான கம்பவுண்டர் இராமகிருஷ்ணன் சொன்னார். "இத யாரு கட்டுனதுன்னு கேக்குறாரு."

"அவரு செத்துப் போயிட்டாருங்க."

"அச்சா" என்றார் டாக்டர், ஒருவிதத் திருப்தியோடு. பிறகு நீளமாக ஏதோ சொன்னார்.

"பழைய கோணல்லயே முறிஞ்சிருக்காம். இந்தத் தடவ நேரா வச்சுக் கட்டிடுறேங்கிறாரு."

குருநாதன் கம்பவுண்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "முன்ன இருந்தபடியே கட்டிட்டாப் போதும்னு சொல்லுங்க சார்."

இராமகிருஷ்ணன் அதை மட்டும் இந்தியில் சொல்லவில்லை.

பன்னிரண்டு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது குருநாதனின் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. சண்முகத்துக்குப் பாதிகூடக் கூடவில்லை. டாக்டர் அவனைத் துருவித் துருவிக் கேட்டார். போன வருடம் மூன்று முறை மலேரியா வந்ததையும், சம்பளம் போய்விடுமென்று அதை மறைத்ததையும், தினம் ஒரு கட்டுப் பீடி ஊதியதையும் ஒவ்வொன்றாகக் கக்கினான்.

"வெளியதான் பாறை, உள்ள ரத்தமே இல்லங்கிறாரு" என்றார் இராமகிருஷ்ணன். குருநாதனிடம் திரும்பி, "நீங்க ஒடம்ப ரொம்ப நல்லா வச்சிருந்தீங்களாம். அதான் சீக்கிரம் கூடிருச்சாம். என்ன வேலன்னு கேக்குறாரு."

"ஒக்காந்திருக்கிற வேலன்னு சொல்லுங்க சார்" என்றான் பக்கத்துக் கட்டிலிலிருந்து சண்முகம்.

முதல் நாள் எழுந்து நின்ற குருநாதன் தடுமாறி விழப்போனார். இத்தனை வருடமாக இடது பாதத்துக்கு எட்டாமல் இருந்த தரை இப்போது அவசரமாக வந்து இடித்தது. பொன்னம்மா ஓடிவந்து பிடித்தாள். பிடித்தவள் முகத்தைப் பார்க்க அண்ணாந்தாள்.

"ஏங்க, நீங்க என்ன விட ஒசரமாங்க!"

வார்டு முழுக்கக் கேட்டது. குருநாதன் அவள் வாயைப் பொத்தினார். ஆனாலும் அன்று சாயங்காலம் யாரும் பார்க்காதபோது அவள் பக்கத்தில் ஒருமுறை நின்று பார்த்துக்கொண்டார்.

ஒரு மாதம் நடைப் பயிற்சி. பிறகு டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் நிச்சயம் 'லேசான வேலை' என்றுதான் இருக்கும் என்று குருநாதன் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக் கட்சாலுக்குக் கொண்டுவந்தார்.

திங்கட்கிழமை, வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். குருநாதன் காலை இழுத்து இழுத்து வந்து கடிதத்தை நீட்டினார். ஜெகநாதன் படித்தார். காலைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"குருநாதா, ஒடஞ்சது எடது காலுதானே?"

"ஆமாங்க தொர."

"பின்ன ஏன் வலது காலு நொண்டுது?"

குருநாதன் குனிந்து பார்த்தார். உண்மைதான்.

"அது... தொணைக்குங்க தொர."

பெரட்டே சிரித்தது. ஜெகநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிதத்தை உரக்கத் தமிழில் சொன்னார். "பூரண குணம். எல்லா வேலையும் செய்யலாம். தெனமும் மேடு பள்ளத்துல நடந்தா காலுக்கு நல்லது. ஒனக்குன்னே எழுதியிருக்காரு டாக்டரு. நாளைக்கு மூணாம் நம்பர் மலைக்குப் போ."

முதல் வாரம் குருநாதன் அந்த டாக்டரை, பன்றியை, பன்றியைக் காப்பாற்றிய டிரைவரை எல்லாம் திட்டினார். காலில் வலியே இல்லை. சாய்ந்தே பழகிய இடுப்புதான் நிமிரமாட்டேன் என்று அடம்பிடித்தது. வீட்டுக்கு வந்து கவிழ்ந்து படுத்தால் பொன்னம்மா தேங்காயெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பாள். இரண்டாவது வாரம் இடுப்பு இறங்கி வந்தது.

சண்முகம் திரும்பி வர ஏழு மாதமானது. காலுக்குப் பலம் வரும்வரை அவனைக் கொட்டகை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பால் வாளியோடு வந்த குருநாதன் அவன் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து வாய்க்காலில் போட்டார்.

"ஏண்ணே!"

"டேய், அந்த பெஞ்சுதான்டா மருந்து. நல்லாச் சாப்புடு, தூங்கு. மலைக்கு அவசரமா வராத. நான் சொல்றேன், கேளு."

அந்த ஞாயிற்றுக்கிழமை கப்பல் பார்க்கப் பொன்னம்மாவோடு ஜெட்டிக்குக் கிளம்பினார். பாதி வழியில் பின்னாலிருந்து மூச்சிரைக்க அவள் குரல் வந்தது.

"ஏங்க, கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்!"

குருநாதன் காதில் விழாதவர்போல இன்னும் எட்டி நடந்தார்.