எய்லெர்ட் வீட்டில் நாற்பது நிமிடம்

வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர்களின் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள். பெர்கன் நகரத்துக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். நான் செவிலி இல்லை. தொலைபேசி எடுப்பதும், யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வதும்தான் என் வேலை.

பதினோரு மணிக்கு டோருன் அழைத்தாள். இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவள்.

"இங்வில், எய்லெர்ட் வீட்ல கொஞ்சம் லேட் ஆகும். என் மேசையில பச்சை ஃபைல் இருக்கும், எடுத்து வை."

எட்டிப் பார்த்தேன். "பச்சை ஃபைல் எதுவும் இல்லையே."

"நல்லா பாரு. பச்சை ஃபைல்."

"நீலம்தான் இருக்கு. கண்ணாடி மாத்துங்க டோருன்!" என்று சிரித்தேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

அந்த வீட்டில் நடந்ததை அவள் பிறகு சொன்னாள். எய்லெர்ட்டுக்குப் புற்றுநோய், படுத்த படுக்கை. ஒரு மாதமாக மகன் விதார் வந்து தங்கியிருந்தான். அன்று டோருன் உள்ளே போனதும் அவன் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். போதை தரக்கூடிய வலி மருந்துகள் இருந்த பெட்டியின் சாவியைக் கேட்டான். அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். மருந்தையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகும் அவன் கதவைத் திறக்கவில்லை.

"திறந்தா நேரா போலீஸ்கிட்டதானே போவ?"

"போக மாட்டேன். திற விதார்."

"பொய் சொல்லாத. உட்காரு!" மணிக்கட்டைப் பிடித்து நாற்காலியில் தள்ளினான்.

பேசவில்லை என்றால் அலுவலகத்தில் தேடுவார்கள் என்று அவனிடம் சொல்லித்தான் அவள் எனக்கு அழைத்திருக்கிறாள், அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க. ஆபத்து என்றால் பச்சை ஃபைல் கேட்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக ஏற்பாடு. எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

டோருன் பேசி அரை மணி நேரம் கழித்து எய்லெர்ட்டின் அவசரப் பொத்தானிலிருந்து அழைப்பு வந்தது. தனியாக இருக்கும் முதியவர்கள் கையில் கட்டியிருப்பார்கள். அழுத்தினால் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டி வழியாக நாங்கள் பேசலாம்.

"எய்லெர்ட், என்ன ஆச்சு?"

"விழுந்துட்டேன். ரெண்டு பேரா வாங்க. ஒருத்தரால தூக்க முடியாது."

"டோருன் அங்கதானே இருக்காங்க?"

"அவ எப்பவோ போயிட்டாளே" என்றார் கிழவர். பின்னால் யாரோ கத்தினார்கள். "அப்பா, கையை எடு அதிலேருந்து!"

இணைப்பு அறுந்தது.

எங்கள் மேலாளர் ஊட்வார் காப்பிக் கோப்பையோடு கடந்து போனார். அவரிடம் விவரத்தைச் சொன்னேன். இவ்வளவு நேரம் அங்கேயே இருந்த டோருன் போய்விட்டதாகக் கிழவர் சொல்கிறாரே என்று குழம்பி, ஃபைல் சமாச்சாரத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் சட்டென்று திரும்பினார். "பச்சை ஃபைலா? எப்போ கேட்டா?"

"அரை மணி நேரம் ஆச்சு."

கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டு, போலீசை அழைத்தபடியே மழையில் ஓடினார்.

போலீஸ் போனபோது விதார் எதிர்க்கவில்லை. கதவைத் திறந்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதானாம். எய்லெர்ட் கட்டிலில்தான் இருந்தார். விழவே இல்லை. போர்வைக்குள் கையை வைத்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். மகன் காதில் விழும் என்பதால்தான் டோருன் போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறார்.

டோருன் அலுவலகத்துக்கு வந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"உன்கிட்ட யாரும் சொல்லலையா?"

"இல்ல."

"முதல் நாளே சொல்லியிருக்கணும்" என்றாள், என்னைப் பார்க்காமல், ஊட்வாரைப் பார்த்து. "விதார் கத்தினான், பயமாக இருந்தது" என்று வேறொரு செவிலி இரண்டு வாரம் முன்பே அந்த வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். அதை நானும் படித்திருந்தேன். கத்தாத மகன் யார் என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தேன்.

அன்றிலிருந்து எய்லெர்ட் வீட்டுக்கு இருவராகத்தான் போகிறார்கள். அடுத்த வாரம் ஆள் போதாமல் துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"டோருன் வரலையா?"

"லீவுல இருக்காங்க."

"நான் பெத்த பிள்ளையை நானே பிடிச்சுக் கொடுத்துட்டேன்" என்றார். "நான் தப்புப் பண்ணலன்னு அவ ஒரு வார்த்தை சொன்னா போதும். கேட்டுச் சொல்றியாம்மா?"

அன்று மாலை டோருனுக்கு அழைத்துச் சொன்னேன்.

"அவர் தப்புப் பண்ணலன்னு சொல்லு. அவரால்தான் நான் வெளியில வந்தேன்."

"நீங்களே ஒரு தடவை போய் சொன்னா..."

"இல்ல இங்வில். இனிமே யார் வீட்டு வாசலையும் தாண்ட என்னால முடியாது."

மறுநாள் எய்லெர்ட்டிடம் அவள் சொன்னதில் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.