மண்டோர் வயிற்றில் வைத்த கால்

ஜப்பான்காரன் வந்த மறு வருசம், மலாயாவில் பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் எல்லாரும் உடற்பயிற்சி செய்யணும் என்று உத்தரவு வந்தது. ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரிசையில் நிற்கணும். எண்ணிக்கை ஜப்பான் பாஷையில்: இச்சி என்றால் குனியணும், நீ என்றால் நிமிரணும், சான் என்றால் பின்னால் வளையணும், சீ என்றால் காலைத் தூக்கணும். எண்ணுவதும் முன்னால் நின்று செய்து காட்டுவதும் கூலிகளை மேய்க்கும் மண்டோர் தர்மலிங்கம்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. ஒரு நாளைக்கு முன்னூறு மரத்துக்குக் குனிகிற இடுப்பு. வினை மண்டோருக்குத்தான். இருபது வருசமாகக் குடையைத் தவிர எதையும் தூக்காத உடம்பு. மூன்றாம் நாள் சாயங்காலம் வயிறு சுளுக்கிப் பிடித்துக்கொண்டது. இருமினால் பிடித்தது, புரண்டால் பிடித்தது. விடிந்தால் ஜப்பான் அதிகாரி பயிற்சியைப் பார்க்க வருகிறான். மண்டோர் குனியாவிட்டால் அவரையே சயாமுக்கு ஏற்றிவிடுவான்.

அந்தச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பத்துப் பேரை எழுதிவைத்திருந்தவரும் அவர்தான். போனவன் ஒருத்தனும் திரும்பாத வேலை. முதல் பேர் அய்யாவு, காளியம்மாவின் புருசன். திங்கட்கிழமை ஏற்றிப்போக லோரி வரும்.

காளியம்மா காலை முன்னே நீட்டிப் பிறந்தவள். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் யாருக்குச் சுளுக்குப் பிடித்தாலும் அவள் காலால் மூன்று தடவை நீவினால் விட்டுப்போகும் என்பார்கள். மண்டோர் பெண்சாதி பிரேமாவதி அவள் வாசலில் வந்து, "அக்கா, கொஞ்சம் வாங்கக்கா" என்றாள். நேற்றுவரை 'ஏ காளி' என்ற வாய்.

காளியம்மா காட்டுச்சேறு அப்பிய காலைக் கழுவாமலே போனாள். முழங்காலை மடக்கிக் கிடந்தார் மண்டோர். இவள் காலைத் தூக்கினாள், பாதியில் நிறுத்தினாள். பேர் எழுதின தாள் எங்கே என்று கேட்டாள்.

அய்யாவு பேரை மட்டும் அடித்துவிடுவதாகச் சொன்னார் மண்டோர்.

"அடிச்சிட்டு அந்த எடத்துல பக்கத்து வீட்டு பிச்சை பேர எழுதுவீங்க. அவன் பொண்டாட்டி மூஞ்சியில நான் முழிக்கவா? மொத்தமா அடுப்புல போடுங்க."

"நாளைக்கு ஜப்பான்காரனுக்கு நான் என்னத்தக் காட்டறது?"

"குனிஞ்சு நிமிந்து காட்டுங்க மண்டோரே. அதப் பாக்கத்தான வரான்?"

அவளைத் திட்ட வாயைத் திறந்தார். வயிறு இறுக்கியது, திட்டு முனகலாகப் போனது. பிரேமாவதிதான் தலையணைக்கு அடியிலிருந்து தாளை உருவி அடுப்பில் போட்டாள். அது கருகிச் சாம்பலாகும்வரை காளியம்மா ஒற்றைக் காலில் நின்றாள். பிறகு வைத்தாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது கொஞ்சம் அழுத்தம்தான்.

அவள் சொல்லிவிட, இருட்டுவதற்குள் அந்தப் பத்து ஆம்பளைகளும் மரவள்ளிக்கிழங்கும் கத்தியுமாக மலைப்பக்கம் ஏறிவிட்டார்கள். காலையில் மண்டோர் குனிந்தார், நிமிர்ந்தார், வளையவும் வளைந்தார். அதிகாரி தாளைக் கேட்டபோது, ஆளே ஓடிப்போச்சு என்றார். நாலு அறை விழுந்தது. ஒரு பொம்பளை காலுக்குத் தாளை எரித்தேன் என்று யாரிடம் சொல்வார்?

திங்கட்கிழமை லோரி வெறுமனே திரும்பியது. இன்னொரு லோரி வரும் என்று காளியம்மாவுக்குத் தெரியாமலில்லை. வரட்டும் என்றிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வீங்கின கன்னத்தோடு மண்டோர் எண்ணினார். இச்சி, நீ, சான். அவள் நின்ற பக்கம் மட்டும் அவர் கண் போகவில்லை. சீ என்றதும், வரிசையில் எல்லாரையும்விட ஒரு சாண் உயரத் தூக்கினாள் காளியம்மா, அதே காலை.